கூசேல்லை

யாழ்ப்பாண நகரத்தில் பிரிட்ஜும் வோஷிங் மெஷினும் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர். கொழும்பில் படித்துவிட்டு வந்து சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர்கள் உண்டு. எதைக் கொண்டுபோனாலும் திறந்துகூடப் பார்க்காமல் "போர்ட் பழுதாப் போட்டுது" என்று ஒரே பல்லவி பாடுகிறவர்களும் உண்டு. ஆனால் "கை எமில்" என்று கேட்டால் அது ஒரே ஒருவர்தான். பெரியகடைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தையல்கடையோடு ஒட்டிய சின்ன அறை அவருடைய கடை. பெயர்ப்பலகை கிடையாது. தையல்காரரிடம் கேட்டால் தலையை ஆட்டிக் காட்டுவார்.

எமில்ராஜ் ஒரு மெஷினைத் திருத்தி முடித்ததும், சொந்தக்காரரிடம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்வார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். ஒரு பேணி தண்ணீர் எடுத்துச் சீமெந்து நிலத்தில் ஊற்றுவார். அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, மெஷினை ஓடவிட்டு, அதன் தகரத்தில் வலது புறங்கையை மெல்ல வைப்பார். கண் மூடியிருக்கும். பிறகு இரண்டு சொல்லில் ஒன்றைச் சொல்வார். ஒன்று "கூசுது". மற்றது "கூசேல்லை".

உள்ளே எங்கேயாவது வயர் தோலுரிந்து, தண்ணீர் ஊறி, கரண்ட் மெஷினின் உடம்புக்குக் கசிந்தால் தொடுகிறவருக்கு எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அதைத்தான் எங்கள் சனம் கூசுது என்று சொல்கிறது. உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாகவே மடங்கி இரும்பைப் பற்றிக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் கை தானாக விலகி வந்துவிடும். அதனால்தான் புறங்கை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு வந்தது போதும்.

அவரிடம் மீற்றர் இல்லாமல் இல்லை. சேட்டுப் பையில் பேனைபோல் குத்திவைக்கிற, கரண்ட் பட்டால் குமிழ் எரிகிற ரெஸ்ரரும் இருந்தது. ஆனால் அவற்றை அவர் முழுதாக நம்பமாட்டார். யாழ்ப்பாணத்து வீடுகளில் பாதிக்கு எர்த் என்பது பெயருக்குத்தான். எந்தக் காலத்திலோ நிலத்தில் அடித்த கம்பி உக்கிப்போயிருக்கும், வயர் மட்டும் சுவரில் தொங்கும். அப்படியான வீட்டில் மீற்றர் ஒன்றுமில்லாத இடத்திலும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், ரெஸ்ரரின் குமிழ் மங்கலாக எரியும். அது ஆளைக் கொல்லுகிற கரண்டா, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிற கரண்டா என்று அவற்றுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும் என்பது எமில்ராஜின் வாதம். அந்த வாதத்தில் உண்மையும் இருந்தது. அதுதான் கேடாகப் போயிற்று.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. குருநகரில் கடல்தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். படகு கரையை விட்டு விலகியதும் வாந்தி தொடங்கிவிடும். எத்தனை தரம் கொண்டுபோயும் பழகவில்லை. "உவன் கடலுக்குச் சரிவரான்" என்று தகப்பன் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார். சண்டைக் காலத்தில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத வருஷங்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ பாடவைத்துக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தார் எமில்ராஜ். கரண்ட் திரும்பி வந்தபோது, வீட்டுக்கு வீடு கறள் பிடித்துக் கிடந்த பிரிட்ஜுகளை இழுத்து வெளியே எடுத்தார்கள். தொட்டவர்களை எல்லாம் அவை அடித்தன. அப்போதுதான் அந்தப் புறங்கைக்குப் பெயர் வந்தது. ஒருநாள் தகப்பன் தன் கூட்டாளி ஒருவரின் பிரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தானே கடைக்கு வந்தார். "என்ரை மகன் கை வைச்சுச் சொன்னால் பிறகு பயமில்லை" என்றார். கடல் தராத மரியாதையை அந்தக் கை தந்தது. அதற்குப் பிறகு எமில்ராஜிடம் இருந்ததெல்லாம் அந்தக் கைதான் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்தக் கை செத்துக்கொண்டிருந்தது.

சலரோகம், அதுதான் சீனி வியாதி, வந்து பல காலம். மனைவி ஜெசிதா கஞ்சியும் குரக்கனும் என்று பாடுபட்டாள். இவரோ கடைக்குப் போனதும் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்தார். பனங்கட்டி பனையில் இருந்து வருவது, அது சீனியில்லை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நம்முடைய ஊரில் பாதிப் பேரின் காலை அந்த நம்பிக்கைதான் கழற்றியது. கிளினிக்கில் ஒரு டொக்டர்ப் பிள்ளை கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலோன் நூலால் பாதத்திலும் விரல்களிலும் தொட்டுத் தொட்டு, "தொடேக்கை சொல்லுங்கோ ஐயா" என்றாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் குனியும்போது கதிரை கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் "ஓம்" என்றார். "நல்லாக் கிடக்கு ஐயா" என்று அவள் எழுதினாள். டொக்டரையே சுத்திப்போட்டன் என்று அவருக்கு வழியெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு கடையில் அடங்கியது. ரைஸ் குக்கர் ஒன்றுக்கு ஈயம் பிடித்துக்கொண்டிருந்தபோது இறைச்சி தீய்கிற மணம் வந்தது. தையல்கடையில் ஏதோ சமையல் என்று நினைத்தார். குனிந்து பார்த்தால் ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல் அவருடைய புறங்கையில்தான் கிடந்தது. தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. வலி இல்லை. வலிக்கட்டும் என்று சிறிது நேரம் காத்துக்கொண்டுகூட இருந்தார். பிறகு அந்த இடத்தைத் துணியால் சுற்றிவிட்டு, கடைக்கதவைச் சாத்தி, இருட்டுக்குள் உட்கார்ந்து அழுதார். ஜெசிதாவிடம் எண்ணெய் தெறித்தது என்றார்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையில் நல்ல எர்த் இருந்தது. அங்கே மீற்றரை நம்பலாம். ஆகவே ஆள் வரும் முன்பே மீற்றரால் பார்த்துவிடுவார். ஆள் வந்ததும் செருப்பைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, கண்ணை மூடி, செத்த கையை வைத்து "கூசேல்லை" என்பார். சனம் திருப்தியாகப் போகும். வீடுகளுக்கு வரச்சொல்லிக் கேட்டால் மட்டும் முழங்கால் நோ, மோட்டார்சைக்கிள் பழுது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். நடிப்பு நன்றாகத்தான் ஓடியது.

அளவெட்டியில் கோபிசங்கர் என்று ஒரு தவில்காரர். எமில்ராஜில் அவருக்குத் தனி மதிப்பு. தவிலடிக்கிறவர்கள் வலதுகை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிப்பார்கள். கூட்டுக்குள் இருந்தும் தோல் விறைத்திருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியவேண்டும். "கையாலை தொழில் செய்யிறவனைத்தான் நான் நம்புவன்" என்பது அவர் பேச்சு. போகிற கோயில் திருவிழாவிலெல்லாம் எமில்ராஜின் புறங்கையைப் பற்றிச் சொல்லித் திரிந்ததும் அவர்தான். அவருடைய மனைவி நிவேதனா ஒருநாள் கடைக்கு அழைப்பு எடுத்தாள்.

"எமில் அண்ணை, மெஷினாலை உடுப்பு எடுக்கேக்கை மெல்லமாக் கூசுது. ஒருக்கா வந்து கை வைச்சுப் பாருங்கோவன்."

"கடைக்குக் கொண்டாங்கோ பிள்ளை."

"இவர் திருவிழாவுக்குப் போயிட்டார் அண்ணை. நானும் மாமியும் எப்பிடித் தூக்கிறது? குழந்தைப்பிள்ளையின்ரை உடுப்புகள் குவிஞ்சு கிடக்கு. நீங்கள் சொன்னால்தான் நான் பயமில்லாமல் தோய்ப்பன்."

முழங்கால் நோ என்று சொல்ல வாயெடுத்தார். கோபிசங்கரின் வீட்டுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. போனார்.

மெஷின் கிணற்றடியில் தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் நின்றது. வீட்டின் புதுப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்கு. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிச்சும் இருந்தது. கிணற்றடிக்கு வந்த வயரோ அந்தக் காலத்துப் பழைய லைன். அதில் ட்ரிப் சுவிச்சும் இல்லை, எர்த்தும் இல்லை. எமில்ராஜ் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றினார். மோட்டருக்கு மேலே, தொட்டியின் அடியில் இருந்து ஒரு கறள் கோடு இறங்கியிருந்தது. தண்ணீர் எப்போதோ சொட்டியிருக்கிறது. விரலால் தடவினார். ஈரமா காய்ந்ததா என்று விரல் சொல்லவில்லை. கண்ணுக்குக் காய்ந்ததுபோல இருந்தது. மீற்றர் ஓர் எண்ணைக் காட்டியது. ரெஸ்ரரின் குமிழ் மங்கலாக எரிந்தது. இப்படியான வீட்டில் அவை எப்போதும் அப்படித்தானே என்றது மனம்.

செருப்பைக் கழற்றினார். நிலம் ஏற்கெனவே ஈரம். மெஷினை ஓடவிட்டுப் புறங்கையை வைத்தார்.

ஒன்றுமில்லை.

மெஷினில் ஒன்றுமில்லையா, கையில் ஒன்றுமில்லையா? வாழ்நாள் முழுக்கத் தெரிந்த ஒரு பதிலுக்கு இப்போது இரண்டு அர்த்தம் இருந்தது. கையை எடுத்தார், திரும்ப வைத்தார், கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். உடம்பு வியர்த்தது. கை மட்டும் ஒரு மரக்கட்டையாகத் தகரத்தில் கிடந்தது.

கண்ணைத் திறந்தபோது நிவேதனா குழந்தை ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டோரம் வந்திருந்தாள். மறுகையில் கேத்தில். பேசினில் சுடுதண்ணீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்தாள். பிறகு குனிந்து முழங்கையை அதற்குள் மெல்ல விட்டுப் பார்த்தாள். விரலை விடவில்லை. சமைத்துச் சமைத்துக் காய்த்த விரலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, முழங்கைதான் உண்மை சொல்லும் என்பது பிள்ளை வளர்க்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சூடு கூடியிருந்தது போலும், இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.

எமில்ராஜுக்குச் சட்டென்று விளங்கியது. அவருக்கு விறைத்தது விரல்களும் புறங்கையும் பாதமும்தான். முழங்கை உயிரோடு இருந்தது. போன கிழமை தேத்தண்ணி சிந்தியபோது அங்கே துடித்தது நினைவிருந்தது. சேட்டுக் கையை மடித்து, முழங்கையின் உட்பக்கத்தைத் தகரத்தில் ஒருக்கால் வைத்தால் போதும், மெஷின் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். கை சேட்டுப் பொத்தானுக்குப் போயும் விட்டது.

நிவேதனா பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் அண்ணை முழங்கை என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள், கேட்கிற பிள்ளை அது. என்ன சொல்வது? என்ரை கை செத்துப்போச்சு பிள்ளை என்றா? இன்றைக்கு அவளுக்குத் தெரிந்தால் நாளைக்குக் கோபிசங்கருக்குத் தெரியும். கோபிசங்கருக்குத் தெரிந்தால் குடாநாட்டில் கொடியேறுகிற கோயிலுக்கெல்லாம் தெரியும். உவன் கடலுக்குச் சரிவரான் என்று கரையில் நின்று சொன்ன குரல் அவருக்குக் காதுக்குள் கேட்டது. கரைக்கும் சரிவரான் என்று இனி ஆகிவிடும்.

பொத்தானில் இருந்து கையை எடுத்தார்.

"கூசேல்லை" என்றார்.

"கூசேல்லையோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் கூசேல்லை."

அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. கோயிலில் பைபிளைத் தொட்டுக்கூடச் சொல்லியிருப்பார், அவருக்குக் கூசவில்லை. நிவேதனா வந்து தன் கையையும் மெஷினில் வைத்துப் பார்த்தாள். "ஓம், எனக்கும் இப்ப ஒண்டும் இல்லை" என்று சிரித்தாள். "அப்ப எனக்குத்தான் மனப்பிரமை போலை." அவள் காலில் கரண்டை ஏறவிடாத றப்பர்ச் செருப்பு இருந்ததை எமில்ராஜ் கண்டார். செருப்பைக் கழற்றாமல் தோயுங்கோ என்று சொல்ல வந்தது. மெஷின் நல்லதென்றால் செருப்பு எதற்கு? அந்த வார்த்தையையும் விழுங்கினார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று நிவேதனாவின் மாமியார் மனோன்மணி நின்றார். பனங்கட்டியோடு கொடுத்தார். குடித்தார்.

திரும்பி வரும் வழியில் மல்லாகம் சந்தியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்ப போடவேண்டாம் பிள்ளை, ஒரு சந்தேகம் கிடக்கு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் கை வைத்துச் சொன்ன பிறகு எமில்ராஜுக்கு என்ன சந்தேகம்? அவருடைய வாழ்க்கையில் அப்படி ஒரு அழைப்பு எடுத்ததே இல்லை. கடைசியில் ஒரு வழி மனதில் பட்டது. நல்ல செப்பு எர்த் கம்பி ஒன்றைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் அடித்து இறக்கிவிட்டால், கசிந்தாலும் கரண்ட் நிலத்துக்குள் போய்விடும், ஆளில் ஏறாது. எதற்கும் ஒரு பாதுகாப்பு என்று சொல்லலாம். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நிம்மதியாகப் போனைப் பையில் போட்டார்.

கம்பியை வாங்கினார். அது பொய்யில்லை. கடைச்சுவரில் சாத்தி வைத்தார். அடுத்த நாள் கலியாண வீட்டு பிரிட்ஜ் ஒன்று அவசரமாக வந்தது. அதற்கடுத்த நாள் ஞாயிறு, பூசை. பிறகு மழை பிடித்தது. மழைக்குள் போய் எப்படிக் கம்பி அடிப்பது என்று அவர் தன்னையே கேட்டுத் தானே தலையாட்டினார். கம்பி சுவரிலேயே நின்றது.

மழை விட்ட காலை கோபிசங்கர் அழைத்தார். குரல் அவருடையதுபோல் இல்லை.

"எமில் அண்ணை, நிவேதனாவுக்குக் கரண்ட் அடிச்சுப்போட்டுது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது அண்ணை."

நடந்ததை யாரும் எமில்ராஜுக்கு விளக்கத் தேவையில்லை. மழையில் கொட்டிலுக்குள் ஈரம் ஏறியிருக்கும். குவிந்த உடுப்பைப் போட்டு மெஷின் சுற்றச் சுற்ற, தொட்டியில் இருந்து தண்ணீர் அந்தக் கறள் கோட்டின் வழியே மோட்டருக்குள் இறங்கியிருக்கும். காய்ந்திருந்தபோது எறும்பாக ஊர்ந்தது, நனைந்தபோது முழுக் கரண்டாக எழும்பியிருக்கும். குழந்தையின் உடுப்பை எடுக்க அவள் குனிந்திருப்பாள். காலில் செருப்பு இருந்திருக்காது. இதையெல்லாம் அங்கே நின்று பார்த்ததுபோல் அவர் அறிந்தார்.

செத்தவீட்டுக்குப் புறப்பட நின்றபோது சேட்டுப் பொத்தான் போட முடியவில்லை. விரல்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. ஜெசிதா வந்து போட்டுவிட்டாள். இது முதல் தரமில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்சக் காலமாகவே அவள் ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"கை செத்துப்போச்சு, என்ன?" என்றாள், கழுத்துப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

செத்தவீட்டில் எல்லோரும் ஒரே கதைதான் கதைத்தார்கள். மெஷினில் பிழை இல்லை. எமில் அண்ணை கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனவர். ஆகவே பிழை அவளில்தான். ஈரக்கையோடு பிளக்கைத் தொட்டிருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அவசரம். விசாரணைக்கு வந்தவர்கள் மின்சாரம் தாக்கிய மரணம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கேயிருந்து தாக்கியது என்பதை ஊர் தீர்மானித்துவிட்டது. மனோன்மணி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஈரக்கையோட பிளக்கடிக்குப் போகாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான், கேட்டவளோ!" என்று மருமகளின் தலைமாட்டில் அழுதார். எமில்ராஜ் பந்தலின் ஓரத்துக் கதிரையில் இருந்தார். வந்தவர்கள் அவருடைய கையைப் பிடித்து, "உங்களுக்கும் கவலையாத்தான் இருக்கும்" என்றார்கள். பிடித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் குற்றம் செய்யாமல் செத்துக் கிடந்தாள், செத்த பிறகும் குற்றத்தைச் சுமந்தாள். இவர் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து சில நாளில் கோபிசங்கர் திரும்பவும் அழைத்தார்.

"அம்மாவுக்குக் குனிஞ்சு தோய்க்க ஏலாது அண்ணை. குழந்தையின்ரை உடுப்பு ஒவ்வொரு நாளும் நாறுது. அண்டையிலை இருந்து மெஷினை ஒருத்தரும் தொடேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து கை வைச்சுச் சொன்னால் அதையே பாவிப்பம்."

பக்கத்தில் நின்ற ஜெசிதாவுக்கும் அது கேட்டது. அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். செத்தவீட்டால் வந்த அன்றே சொல்லி அழுதிருந்தார். "பாவசங்கீர்த்தனம் செய்யுங்கோ, சாமியாரிட்டைப் போங்கோ" என்று அவள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாமியார் மன்னிச்சுப்போடுவார்" என்றார் எமில்ராஜ். "ஆனால் அவையள் உந்த மெஷினிலை திரும்பத் தோய்ப்பினம்."

கம்பியைச் சுவரில் இருந்து எடுத்து மோட்டார்சைக்கிளில் கட்டினார். பிறகு, இனி அது எதற்கு என்று நினைத்து, அவிழ்த்துத் திரும்பவும் சாத்திவிட்டுப் போனார்.

வழியில் ஒரு யோசனை வைத்திருந்தார். மெஷின் பழசாய்ப்போச்சு, பழைய இரும்புக்குப் போடுங்கோ தம்பி என்று சொல்லி ஏற்றி அனுப்பிவிட்டால் போதும். குழந்தைக்கும் ஆபத்தில்லை, தனக்கும் கேள்வியில்லை. கிணற்றடியில் அதைச் சொல்லியும் விட்டார். கோபிசங்கர் கேட்டுக்கொண்டு நின்றார். தாடி வளர்ந்திருந்தது. மனோன்மணி ஆரணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றார்.

"போடுவம் அண்ணை, மெஷின் போகட்டும்" என்றார் கோபிசங்கர். "எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும். அவள் ஈரக்கையோட பிளக்கைத் தொட்டாளெண்டு எல்லாரும் சொல்லுகினம். அவள் அப்பிடிச் செய்யிற ஆளில்லை. ஆனால் நீங்கள் கை வைச்சுக் கூசேல்லை எண்டனீங்கள். உங்கடை கையை நான் நம்பிறன். அப்ப அவளிலைதானே பிழை? இன்னொருக்கால் வைச்சுச் சொல்லுங்கோ அண்ணை. நாளைக்கு இவள் வளந்து கேப்பாள், நான் சொல்லவேணும்."

எமில்ராஜ் செருப்பைக் கழற்றினார். ஒரு வாளித் தண்ணீர் அள்ளி நிலத்தில் ஊற்றினார். மெஷினை ஓடவிட்டார். வழக்கம்போலப் புறங்கையை வைத்தார். ஒன்றும் இல்லை. ஈயம் உருக்குகிற கோல் சுட்ட தழும்பு தகரத்தில் கிடந்தது. தாயும் மகனும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போதும் கூசேல்லை என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள்.

கையை எடுத்தார். சேட்டுக் கைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், விரலுக்குப் பிடிபடவில்லை. பல்லால் கடித்து இழுத்தார், பொத்தான் அறுந்து ஈரத்தில் விழுந்தது. சேட்டை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, முழங்கையின் உட்பக்கத்தைத் தகரத்தில் வைத்தார்.

மெஷின் மழைக்குப் பிறகு காய்ந்திருந்தது. அதனால்தான் அவர் பிழைத்தார். எறும்புகள் ஊர்ந்தன. தோள்வரை ஏறின. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் கூச்சம்! அவர் கையை எடுக்கவில்லை. கண்ணால் தண்ணீர் வழிய அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கோபிசங்கர் பாய்ந்து பிளக்கை இழுத்தார்.

"கூசுது தம்பி" என்றார் எமில்ராஜ். "அண்டைக்கும் கூசியிருக்கும். என்ரை புறங்கை செத்துக் கனகாலம். அந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை."

மனோன்மணி கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். "ஐயோ, நான் அவளைப் பேசினனே" என்றார். கோபிசங்கர் கழற்றிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எமில்ராஜின் முழங்கையைப் பார்த்தார். கையால் தொழில் செய்கிறவர், அவருக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கோபம்கூட அவருடைய குரலில் வரவில்லை.

"உந்த முழங்கை அண்டைக்கும் இருந்ததுதானே அண்ணை. ஏன் வைக்கேல்லை?"

"ஏன் முழங்கை எண்டு அந்தப் பிள்ளை கேட்டிடும் எண்டு" என்றார் எமில்ராஜ், "எனக்குக் கூச்சமாக் கிடந்தது, தம்பி."